கொசு இல்லாத வேகன்

மனு எழுத வருகிறவர்களிடம் நான் மூன்று முறை கேட்பேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை, எழுதி முடித்துப் படித்துக் காட்டி இதுதானே என்று ஒரு தடவை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை. ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் இதனாலேயே எனக்குக் கெட்ட பெயர். "அந்தப் பொண்ணுகிட்ட போவாதீங்க, கேள்வி கேட்டே பேஜார் பண்ணும்" என்று வாசலிலேயே நின்று சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. சொல்லட்டும். நான் எழுதிய முதல் மனுவின்போது இப்படி மூன்று முறை கேட்க யாரும் இல்லை. அப்போது நான் ஏழாம் வகுப்பு. மனுதாரர் என் அப்பா.

ஆரணிக்கு ரயில் கிடையாது. ஆரணி ரோடு என்று ஒரு ஸ்டேஷனுக்குப் பெயர் வைத்து, அதைக் கொண்டுபோய்க் களம்பூரில் கட்டியிருக்கிறார்கள். பட்டுப்புடவை எடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள் பெயரை நம்பி இறங்கிவிட்டு, ஊர் எங்கே என்று முழிப்பதைச் சின்ன வயதில் நாங்கள் வேடிக்கை பார்ப்போம். எங்கள் வீடு அந்த ஸ்டேஷனுக்குப் பக்கம். ஆரணி முதலாளி ஒருவருக்கு அம்மா வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்தாள். அப்பா தறிப் பக்கமே வரமாட்டார். ஸ்டேஷனை ஒட்டியிருந்த அரிசி கோடவுனில் அவர் லோடு மேன். மெயின் லைனிலிருந்து பிரிந்து கோடவுன் வாசல் வரைக்கும் ஒரு தண்டவாளம் வரும். சைடிங் என்பார்கள். அதில் வந்து நிற்கும் வேகன்களில் மூட்டை ஏற்றுவதுதான் அப்பாவுக்கும் அவர் செட்டில் இருந்த எட்டுப் பேருக்கும் வேலை.

நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும்போது பிராட்கேஜ் வந்தது. பழைய மீட்டர்கேஜ் பாதையைப் பிடுங்கிவிட்டு அகலமான பாதையைப் போட்டார்கள். மெயின் லைனுக்கு மட்டும்தான் போட்டார்கள். கோடவுன் சைடிங்கை யாரும் நினைக்கவில்லை. கடைசியாக வந்த வேகன்களில் ஒன்று, சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று கழற்றிவிடப்பட்டு, கோடவுன் வாசலிலேயே நின்றுவிட்டது. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அப்புறம் வருவதற்குள் அது போவதற்கான பாதையே இல்லாமல் போய்விட்டது. முன்னால் நாற்பது அடி தண்டவாளம், பின்னால் நாற்பது அடி, அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள். பக்கத்திலேயே புதுப் பாதையில் தினமும் ரயில் போகும். ஆனால் அந்தப் பாதையின் அகலம் வேறு, இதன் சக்கரங்களின் அகலம் வேறு.

அரிசி லாரியில் போக ஆரம்பித்தது. லாரியில் ஏற்ற அரிசி மில்லிலேயே வேறு ஆட்கள் இருந்தார்கள். அப்பாவின் செட்டு கலைந்தது. செட்டுக்குத் தலைவரான மேஸ்திரி மாமா கண்ணமங்கலத்தில் தம்பியின் மளிகைக் கடையில் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் மெட்ராஸ், திருப்பூர் என்று போனார்கள். அப்பா மட்டும் எங்கும் போகவில்லை. அவரிடம் ஒரு கணக்கு இருந்தது.

"வேகனை உட்டுட்டுப் போயிருக்காங்கன்னா இன்னா அர்த்தம்? திரும்பி வருவாங்கன்னு அர்த்தம். சர்க்கார் பொருள யாராச்சும் சும்மா உட்டுட்டுப் போவாங்களா?"

இதை அவர் டீக்கடையில் சொன்னார், வீட்டில் சொன்னார், என்னிடம்கூடச் சொன்னார். எனக்கு அது முழுக்க நியாயமாகப்பட்டது.

தினமும் காலையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேகனுக்குப் போவார். உள்ளே ஏறித் தரையைப் பெருக்குவார். கதவின் கீல்களுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார். தலைக்கு வைக்க எண்ணெய் இல்லை, இரும்புக்கு ஊற்றுகிறார் என்று அம்மா முணுமுணுப்பாள். கூரையில் விழுந்த ஓட்டையைத் தார் காய்ச்சி அடைத்தார். மழை பெய்துவிட்டால் போதும், உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார். அதில் ஆடு கட்ட வந்தவரோடு சண்டை, சீட்டாட வந்தவர்களோடு சண்டை. ஆயுத பூஜை அன்று மூட்டைக் கொக்கியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வேகன் கதவில் மூன்று பட்டையாகச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைப்பார். செட்டு இருந்தபோது ஒன்பது பேர் கும்பிட்ட இடத்தில் இப்போது அவரும் நானும். எனக்குப் பொரி நிறையக் கிடைக்கும் என்பதால் ஆள் குறைந்ததில் வருத்தம் இல்லை. உள்ளே நின்று என் பெயரைக் கத்தினால் வேகன் திருப்பிக் கத்தும். அந்தக் காலத்தில் என் பெயரை அத்தனை சத்தமாக வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

வீடு அம்மாவின் தறியில் ஓடியது. விடிந்ததும் தறிக்குழியில் காலை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். அவளுடைய தம்பி, என் மாமா, சேவூரில் ஒரு பவர்லூம் ஷெட்டில் இருந்தார். அங்கே அப்பாவுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். இரண்டு முறை நேரில் வந்தும் கூப்பிட்டார். இரண்டு முறையும் அப்பா, மாமாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"நாளைக்கே லைன் போட்டாங்கன்னா லோடு ஏத்த ஆளு வோணாமா?"

"அஞ்சி வருசமா நின்னது இனிமே எங்கங்க போவப்போவுது?" என்று அம்மா கேட்டாள்.

"அது நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன்" என்றார் அப்பா. தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமைகளில் மாவட்டத் தலைநகரில் மனு வாங்குகிறார்கள், நேரில் கொடுத்தால் நடக்கும் என்று டீக்கடையில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அவர் ஒரு வெள்ளைத்தாளைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்குப் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்து தெரியாது.

"பாப்பா, ஒரு மனு எழுதணும். வேகன் இங்க நிக்குது, சைடிங்குக்கும் புது லைன் போடுங்க, எங்களுக்குப் பழையபடி வேலை குடுங்கன்னு எழுது."

எழுத நான்தான் சரியான ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மாதம்தான் தமிழம்மா எங்களுக்கு விண்ணப்பக் கடிதம் நடத்தியிருந்தார். தெருவில் தேங்கியிருக்கும் குப்பையை அகற்றக் கோரி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம். அனுப்புநரிலிருந்து உறைமேல் முகவரி வரை எனக்கு அது மனப்பாடம். பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். சிவப்பு மையில் 'நன்று' என்று வேறு போட்டிருந்தார். உலகத்தில் விண்ணப்பம் என்றால் அது ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். ஆகவே குப்பை வரும் இடத்தில் எல்லாம் வேகன் என்று போட்டேன்.

எங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக ஒரு சரக்கு வேகன் எவ்விதப் பயனுமின்றிக் கேட்பாரற்று நிற்கிறது. இதனால் கொசுக்கள் பெருகி, பொதுமக்களுக்கும் குழந்தைகளுக்கும் நோய் பரவும் அபாயம் உள்ளது. எனவே தாங்கள் இதன்மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு எழுதுவதற்குள் பக்கம் முடியப் போனது. மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது தமிழம்மாவின் கட்டளை. அப்பா சொன்னதைக் கடைசி வரியில் நெருக்கி எழுதினேன். மேலும், ரயில் பாதை அமைத்து வேலையும் வழங்கினால் உதவியாக இருக்கும்.

படித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்று கேட்டார். 'எவ்விதப் பயனுமின்றி' என்ற இடத்தில், "கரெக்டு, அதான நம்ம வருத்தமே" என்றார். கொசு வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"கொசு எங்கம்மா இருக்குது? ஒரு சொட்டுத் தண்ணி நிக்க உடறனா நானு?"

"அப்படித்தான்பா எழுதணும். காரணம் போடலன்னா மனு செல்லாதுன்னு தமிழம்மா சொன்னாங்க."

தான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வேகனைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பிறகு, "அவங்க படிச்சவங்க. சொன்னாங்கன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அப்பா குளிக்கப் போயிருந்தார். மனு அவருடைய சட்டைப் பையில், சட்டை ஆணியில். அம்மா தறியை நிறுத்திவிட்டுக் குழியிலிருந்து எழுந்து வந்தாள். வேலைக்கு நடுவில் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மனுவை எடுத்துப் பிரித்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள். உதடு அசைய முழுவதும் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"நீயா எழுதின?"

"ஆமாம்மா."

"நல்லா எழுதியிருக்க."

முன்பு இருந்தபடியே மடித்தாள். ஜரிகை வரும் பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தேடி எடுத்து, வியர்வையில் மை கலைந்துவிடாமல் அதற்குள் வைத்து, சட்டைப் பையில் போட்டாள். என் தலையை ஒருமுறை தடவிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு, மேற்படி வேகன் மீது நடவடிக்கை எடுக்க அலுவலர்கள் வரும் வியாழக்கிழமை வர உள்ளனர், மனுதாரர் நேரில் இருக்கவும். அப்பா என்னை நான்கு முறை படிக்கச் சொன்னார். 'கோரிக்கை ஏற்கப்பட்டு' என்பதைத் தானும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். நான் முதல் முறை படித்தபோது தறிச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு செல்போனை வாங்கி அப்பா பழைய செட்டு ஆட்களுக்கெல்லாம் போன் போட்டார்.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. மேஸ்திரி மாமா கண்ணமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார், வெள்ளை வேட்டி, கையில் செய்தித்தாளில் சுற்றிய மூட்டைக் கொக்கி. அப்பா வேகனுக்குப் பெரிய மாலையாகப் போட்டிருந்தார். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருந்தும் கதவில் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருந்தன. மனு எழுதியவள் இல்லாமல் எப்படி என்று எனக்கும் பள்ளிக்கூடம் லீவு. அம்மா வரவில்லை. புடவை முடிக்க வேண்டும் என்றாள்.

முதலில் ஜீப் வந்தது. பின்னாலேயே ஒரு லாரி, அதில் கேஸ் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள்.

"தண்டவாளத்துக்கு வெல்டிங் அடிக்க வந்திருக்காங்க" என்று அப்பா எல்லாருக்கும் விளக்கினார். லாரிக்கு முன்னால் போய் நின்று பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். டிரைவரும் இறங்கி வந்து சந்தோஷமாகக் குங்குமம் வாங்கிக்கொண்டார்.

லாரியில் வந்தவன் குழாயைப் பற்றவைத்துக்கொண்டு நேராக வேகன் கதவுக்குப் போனான். அப்பா பின்னாலேயே ஓடி, "தம்பி, தம்பி, தண்டவாளம் இங்க இருக்குதுப்பா" என்று கீழே கையைக் காட்டினார். அவன் மாலையைக் கழற்றி அவரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தான்.

ஜீப்பில் வந்த அலுவலர் சின்ன வயதுக்காரர். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கையில் இருந்த கோப்பைத் திறந்து நான் எழுதிய மனுவைக் காட்டினார். "நீங்கதானங்க மனுதாரர்? வேகனால கொசுத்தொல்லை, நோய் வருதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறப்படுத்தச் சொல்லி ஆர்டர் ஆயிடுச்சிங்க."

"கொசுவா?" என்றார் மேஸ்திரி மாமா. "இன்னாடா எழுதிக் குடுத்த நீ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் எழுதினேன் என்று சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்ள நான் பாதி கையைத் தூக்கியிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நான்தான் அப்டி எழுதச் சொன்னேன்" என்றார்.

மேஸ்திரி மாமா கொக்கியை மறுபடியும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்துவிட்டார். டீ கூடக் குடிக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் அவர் வரவில்லை.

எனக்கு அவர் கோபம் புரியவில்லை. பழைய சின்ன வேகனை எடுத்தால்தானே புது பெரிய வேகன் வந்து நிற்க இடம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தீப்பொறி பறப்பதைப் பார்க்க வேறு நன்றாக இருந்தது.

வெட்டிய இரும்புப் பலகைகள் தரையில் விழுந்துகொண்டே இருந்தன. லாரியோடு வந்திருந்த காண்டிராக்டர் இரண்டே ஆட்களைத்தான் அழைத்து வந்திருந்தார், அவர்களால் தூக்க முடியவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "லோடு ஏத்தத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தார். மிச்சம் இருந்த இரண்டு பேரும் அவர் பின்னால் போனார்கள். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் அவர்கள் ஏற்றிய முதல் லோடு அதுதான். "பாத்து, பாத்து, ஓரம் அடிபடப்போவுது" என்று பழக்கதோஷத்தில் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய இரும்புக்கு எந்த ஓரம் அடிபட்டால் என்ன என்று லாரிக்காரர்கள் சிரித்தார்கள். சந்தனம் பூசிய கதவைக் கடைசியாக ஏற்றினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அலுவலர் ஒரு தாளை நீட்டினார். அப்பா அதை என்னிடம் கொடுத்தார். மனுதாரரின் கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது என்று நான் சத்தமாக, திக்காமல் படித்தேன். காட்டிய இடத்தில் அப்பா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். விரல் முழுக்கத் துரு.

திரும்பி நடக்கும்போது நான் கேட்டேன். "வேலை குடுத்துட்டாங்க இல்லப்பா?"

"குடுத்துட்டாங்கம்மா."

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். தமிழம்மா என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கை தட்டச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை அப்பா சேவூர் ஷெட்டுக்கு வேலைக்குப் போனார். அம்மா கேட்டபடி நடந்தது. தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். பவர்லூம் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று மாமா சொன்னார். காது மந்தமானவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். ஆயுத பூஜைக்கு ஷெட்டில் கொடுக்கும் பொரிப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என்னிடம் எதையும் படித்துக் காட்டச் சொல்லி அவர் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். எனக்குப் பரீட்சை இருக்கிறதே என்று தொந்தரவு செய்யாமல் இருக்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

பத்தாம் வகுப்பில் மறுபடியும் விண்ணப்பக் கடிதம் வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள், கொசு என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் பல வருஷம் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். எதைச் சொல்வது? அவருக்கு அது அன்றைக்கே தெரியும். என் கையைப் பிடித்து இறக்கியபோதே தெரியும். தெரிந்து அவர் செய்ததற்கு நான் என்ன மன்னிப்புக் கேட்க முடியும்?

போன வருஷம் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய மறுநாள், அம்மா பரணில் இருந்த அவருடைய சாமான்களை இறக்கினாள். மூட்டைக் கொக்கி கிடைத்தது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா கெடுத்தேன். நான் எழுதின மனுதான் அவரை இப்படி ஆக்கிச்சி."

அம்மா கொக்கியை மறுபடியும் துணியில் சுற்றினாள். பார்வை என் பக்கம் வரவில்லை.

"நீ இன்னா பண்ண? உனக்கு இன்னா தெரியும்? நான் ரெண்டு தடவை படிச்சிட்டுத்தான மடிச்சி வச்சேன்" என்றாள். பிறகு, "அந்த வேகன் இல்லன்னா மனுசன் நம்மளோட இருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை காலைதான் நினைவுக்கு வந்தது. கவரில் போட்டு, சட்டைப் பையில் வைத்து, அவள் என் தலையைத் தடவியது. தமிழம்மா பத்துக்குப் பத்துதான் போட்டார், அம்மா அதற்கும் மேலே போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடியே போனேன்.